பேயை ஏவுகிறவன் யார்?



இன்று இக்கூட்டத்தில் நாம் பேச எடுத்துக் கொண்டிருப்பது ஒரு சினிமாப் படம். அதிலும் பேய்ப்படம். "பேய் இல்லை, பிசாசு இல்லை என்று ஊர் ஊராய்ச் சொல்லித் திரிகிற உங்களுக்குப் பேய்ப்படத்திலே என்ன வேலை?" என்று இங்கு வரும் வழியிலேயே ஒரு தோழர் கேட்டுவிட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நமது இளைஞர்களில் பலர் இந்தப் படத்தை இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்துவிட்டு வந்து ஓயாமல் பேசிக் கொண்டிருக்கிறார்கள். ஆகவே அக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமையாகிறது. நாம் சொல்லுவதை அப்படியே ஒப்புக் கொண்டுவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்து, சரியென்று பட்டதை மாத்திரம் வைத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

படத்தின் பெயர் "சின்னர்ஸ்". பாவிகள் என்று அர்த்தம். அமெரிக்காவில் 2025-ஆம் வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி வெளியாயிற்று. எடுத்தவர் ரயான் கூக்ளர் என்னும் கறுப்பின டைரக்டர். இது ஓடிய படமொன்றின் அடுத்த பாகமுமல்ல, பேர் பெற்ற நாவலைப் பார்த்து எடுத்ததுமல்ல. அவரே புதிதாய் எழுதிய கதை. செலவு 9 கோடி டாலருக்குக் குறையாது. "இவ்வளவு பணத்தைப் புதுக்கதையில் போட்டால் திரும்பி வருமா?" என்று சினிமா வியாபாரிகள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் அமெரிக்கப் பக்கத்தில் மட்டும் முதல் மூன்று நாளில் சுமார் 4 கோடியே 80 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. பேய்ப்படம் என்றால் முதல் வாரம் கூட்டம் முண்டும். அடுத்த வாரம் பாதியாகிவிடும். இதற்கோ அடுத்த வாரக் கடைசியிலும் 4 கோடியே 50 லட்சத்துக்குக் குறையவில்லை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களை இழுத்துக் கொண்டு வந்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. உலகம் முழுவதும் சேர்த்து வசூல் 36 கோடி டாலரைத் தாண்டியது.

வசூல் பெரிதானதால் படம் பெரிதாகிவிடாது. கோவில் உண்டியலிலும்தான் பணம் நிரம்புகிறது. நாம் கேட்பது, ஜனங்கள் எதைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்பதையே. அதைத் தெரிந்து கொள்ள வேண்டுமானால், அந்த நாட்டில் பேய் என்பது யாருக்கு உபயோகப்பட்டு வந்தது என்ற பழைய கதையை முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதுவரை கறுப்பு மக்களை விலைக்கு வாங்கி, பருத்திக் காட்டிலே சவுக்கால் அடித்து வேலை வாங்கிய முதலாளிமாருக்கு அது பொறுக்கவில்லை. டென்னிசி மாகாணத்தில் புலாஸ்கி என்ற ஊரில் "கூ கிளக்ஸ் கிளான்" என்றொரு இரகசியக் கூட்டம் கிளம்பிற்று. இவர்கள் செய்த முதல் பித்தலாட்டம் என்ன தெரியுமா? துணியைத் தலையோடு போர்த்துக் கொண்டு, முகமூடி மாட்டிக் கொண்டு, இரவு நேரத்தில் குதிரை மீதேறி, விடுதலை பெற்ற கறுப்பர் வீட்டு வாசலில் போய் நிற்பது. "நாங்கள் யுத்தத்தில் செத்துப் போன தெற்கத்திச் சிப்பாய்களின் ஆவி" என்று சொல்லுவது. தண்ணீர் கேட்டு, வாளித் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடிப்பதுபோல் பாசாங்கு செய்து, துணிக்குள்ளே ஒளித்து வைத்த பையில் ஊற்றிக் கொண்டு, "செத்ததிலிருந்து இன்றுதான் தாகம் தீர்ந்தது" என்று சொல்லுவது!

இந்தக் கூத்தெல்லாம் எதற்காக? கறுப்பன் ஓட்டுப் போடக் கூடாது. பள்ளிக்கூடம் வைக்கக் கூடாது. சொந்த நிலம் வாங்கக் கூடாது. பழைய எஜமானனைக் கண்டால் குனிந்தே நிற்க வேண்டும். இதற்காகத்தான். பேய் என்ன பேசிற்று? எஜமானன் பேச வேண்டியதையே பேசிற்று. உலகத்தில் எந்த நாட்டுப் பேயாவது, எந்த நாட்டுச் சாமியாவது, கூலியை உயர்த்திக் கொடு என்று எஜமானன் வாசலில் போய் நின்றதுண்டா?

அந்த மக்கள் ஏமாந்து போனார்களா என்றால், அப்படியும் இல்லை. அவர்கள் பயந்தது ஆவிக்கல்ல. ஆவியின் கையிலிருந்த துப்பாக்கிக்கு. 1871-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு கமிட்டி போட்டு விசாரித்தபோது, அடி பட்டவர்கள் உயிருக்குத் துணிந்து வந்து சாட்சி சொன்னார்கள். இருட்டில், முகமூடிக்குள்ளே இருந்தாலும், குரலைக் கொண்டும் குதிரையைக் கொண்டும், "வந்தவன் இன்னான்" என்று பேர் சொன்னவர்கள் அவர்களில் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தால் தண்டனை என்றிருந்த அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்கள் அவர்கள். பகுத்தறிவு என்பது காலேஜில் விற்கிற சரக்கல்ல. துணிக்குள்ளே இருக்கிற ஆள் யார் என்று கேட்பதுதான் பகுத்தறிவு.

தோழர்களே! இந்தக் கதையை மனதில் வைத்துக் கொண்டு இப்போது சினிமாக் கொட்டகைக்குள் வாருங்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் எஜமானன் பேயை அடிமை மேல் ஏவினான். இன்று அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அதே பேயைக் கையில் எடுத்து, எஜமானன் முகத்தைக் காட்டுவதற்கு உபயோகப்படுத்துகிறார்கள். ஜனங்கள் கை தட்டியது இதற்குத்தான் என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு வழி காட்டிய படம் ஒன்று உண்டு. ஜோர்டன் பீல் என்பவர் 2017-ல் எடுத்த "கெட் அவுட்". 45 லட்சம் டாலரில் எடுத்து 25 கோடி டாலருக்கு மேல் ஓடிய படம். எழுதியதற்காக அவருக்கு 2018-ல் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. சொந்தக் கதை எழுதி அந்தப் பரிசு பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். அந்தப் படத்தில் பேயே கிடையாது. ஒரு கறுப்பு வாலிபன் தன் வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறான். மரியாதையான குடும்பம், இனிமையான பேச்சு, கறுப்பர் மேல் அன்பு வழிகிறது. கடைசியில் பார்த்தால், கறுப்பர் உடம்பை ஏலம் போட்டு விற்று, அதற்குள்ளே கிழட்டு வெள்ளையரின் மூளையை வைத்துத் தைக்கிற வீடு அது.

அவன் எப்படியோ தப்பி ரோட்டுக்கு வருகிறான். அப்போது தூரத்தில் போலீஸ் விளக்கு மாதிரி சிவப்பும் நீலமுமாய் ஒரு வெளிச்சம் வருகிறது. வேறு படமாயிருந்தால் "அப்பாடா, உதவி வந்துவிட்டது" என்று கொட்டகையே மூச்சு விடும். இங்கேயோ கொட்டகை முழுவதும் திகிலடைந்தது. சுற்றிலும் பிணம், நடுவிலே உயிரோடு ஒரு கறுப்பன். போலீஸ் என்ன செய்யும் என்பது அமெரிக்காவில் குழந்தைக்கும் தெரியும். கதவு திறந்து, இறங்கி வந்தவன் போலீசல்ல, கதாநாயகனின் சிநேகிதன் என்று தெரிந்தவுடன் ஜனங்கள் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். முதலில் அவனைப் போலீஸ் பிடித்து ஜெயிலில் போடுவதாகவே முடித்திருந்தார் டைரக்டர். ஜனங்களுக்கு ஆறுதல் வேண்டுமென்று பின்னால் மாற்றினார். இரண்டு மணி நேரத் திகிலுக்குப் பிறகு ஜனங்களை அதிகமாக நடுங்க வைத்தது இரத்தமும் கத்தியுமல்ல, சர்க்கார் விளக்கு என்றால், அந்த சர்க்காரின் யோக்கியதையைச் சொல்ல வேறு பிரசங்கம் எதற்கு?

இனி "சின்னர்ஸ்" கதைக்கு வருவோம். நடப்பது 1932-ல், மிசிசிப்பி மாகாணத்தில் கிளார்க்ஸ்டேல் என்ற ஊரில். அடிமை முறை ஒழிந்து அறுபத்தேழு வருஷம் ஆயிற்று. பருத்திக்காடு அப்படியே இருக்கிறது. விலைக்கு வாங்கின அடிமைக்குப் பதில் வாரக்குடி. நிலம் முதலாளியுடையது, விதை, ஏர், சாப்பாடு எல்லாம் அவனிடத்திலேயே கடன், கணக்கு எழுதுகிறவனும் அவனே. எந்த வருஷம் கணக்குப் பார்த்தாலும் பாடுபட்டவனுக்குத்தான் பாக்கி. கூலியும் பணமாக வராது. அந்தப் பண்ணைக் கடையில் மாத்திரம் செல்லுகிற சீட்டாக வரும். படத்திலே ஒரு கூலியாள் தன் உழைப்புக்குக் கிடைத்த அந்தச் சீட்டை நீட்டுகிறான். பண்ணைக்கு வெளியே அதற்கு மதிப்பில்லை. உழைத்தவன் கையில் காகிதமும் உட்கார்ந்திருந்தவன் கையில் டாலருமாக இருந்த அந்த ஏற்பாட்டை ஒரு சின்னக் காட்சியில் காட்டிவிடுகிறார்கள்.

அந்த ஊருக்கு இரட்டைச் சகோதரர்கள் இருவர் சிக்காகோவிலிருந்து திரும்பி வருகிறார்கள். ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து பழைய மரமறுக்கும் மில் ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கி, தங்கள் மக்கள் பாடவும் ஆடவும் ஒரு கொட்டகை திறக்கிறார்கள். இவர்களுடைய சித்தப்பன் மகனோ மாமன் மகனோ, உறவுக்காரப் பையன் ஒருவன், பாதிரியின் மகன், கிதார் வாசித்துப் பாடுவதில் நிகரில்லாதவன். அவன் பாட்டைக் கேட்டு வாசலிலே வந்து நிற்கிறது இரத்தக் காட்டேரி. உள்ளே இருக்கிறவர்கள் "வா" என்று கூப்பிட்டாலொழிய அது உள்ளே வர முடியாது. அது என்ன சொல்லிக் கூப்பிடச் சொல்லுகிறது? "எங்களிடம் கறுப்பு, வெள்ளை என்ற பேதம் இல்லை, எல்லோரும் ஒன்று, எங்களோடு சேர்ந்துவிடுங்கள்" என்கிறது. பேதமில்லை என்பது மெய்தான். ஆனால் சேர்ந்தவுடன் உன் புத்தி உன்னுடையதல்ல, உன் பாட்டு உன்னுடையதல்ல. "நாமெல்லாம் ஒன்றுதானே!" என்று அணைத்துக் கொள்ள வருகிறவனிடத்தில், "ஒன்றான பிறகு என் சொத்து யாரிடத்தில் இருக்கும்?" என்று கேட்டுக் கொள்ள வேண்டும் என்பதுதான் இதிலுள்ள பாடம்.

இனிமேல்தான் முக்கியமான இடம். விடிந்தவுடன் வெயில் பட்டு இரத்தக் காட்டேரிகள் எரிந்து சாம்பலாகின்றன. பேய்ப்படம் என்றால் அத்தோடு "சுபம்" போட்டுவிடுவார்கள். இதிலே அப்படியில்லை. மில்லை விற்றானே அந்த வெள்ளைக்காரன், அவன் கிளான் கூட்டத்தின் தலைவன். பணத்தை வாங்கும்போதே, மறுநாள் காலையில் எல்லோரையும் கொன்றுவிடுவதென்று ஏற்பாடு செய்து வைத்தவன். வெயில் ஏறிய பிறகு ஆட்களோடு துப்பாக்கி எடுத்துக் கொண்டு வருகிறான்.

தோழர்களே, இதைக் கவனிக்க வேண்டும். பேய் வெளிச்சத்துக்குப் பயப்படுகிறது, மனிதன் பயப்படவில்லை. பேய் உத்தரவு கேட்டுக் கொண்டு வாசலில் நிற்கிறது. மனிதன் உத்தரவு கேட்கவில்லை. பேய்க்குப் பூண்டு போதும். மனிதனுக்கு அது போதாது. சகோதரர்களில் ஒருவன் துப்பாக்கியோடு அந்தக் கூட்டத்துக்குப் பதில் சொல்லுகிற காட்சிக்குத்தான் கொட்டகைகளில் பெரிய ஆரவாரம் என்கிறார்கள். ஜனங்களுக்கு எது கற்பனை, எது நிஜம் என்று தெரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட ருசு வேண்டாம்.

இது மிகைப்படுத்தின கதையா? 1877 முதல் 1950 வரையில் அந்நாட்டில் கும்பல் கூடி, விசாரணையில்லாமல் கொன்ற கறுப்பர் 4,400 பேருக்கு மேல் என்று ஆராய்ந்து கணக்கெடுத்து, அவர்களுக்காக 2018-ல் அலபாமா மாகாணத்தில் மான்ட்கோமரி நகரில் ஒரு ஞாபகச் சின்னமும் எழுப்பியிருக்கிறார்கள். இந்தக் கதை நடக்கும் அதே மிசிசிப்பி டெல்டாவில் 1955-ல் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையன், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்று பழி சொல்லி, இரவிலே வீட்டிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். பிணம் ஆற்றில் கிடைத்தது. கொன்றவர்களை விசாரித்த ஜூரிகள் பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள்; சுமார் ஒரு மணி நேரத்தில் "குற்றவாளிகளல்ல" என்று சொல்லிவிட்டார்கள். மறு வருஷம் அதே ஆட்கள் காசு வாங்கிக் கொண்டு, "நாங்கள்தான் கொன்றோம்" என்று ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்கள். இம்மாதிரிக் கொலையைத் தனிக் குற்றமாக்கி அமெரிக்க மத்திய சர்க்கார் சட்டம் செய்தது 2022-ல்! அந்தப் பையனின் தாய் மேமி டில் என்ன செய்தார்? சிதைந்து போன பிள்ளையின் முகத்தை மூடி வைக்காதீர்கள், ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். மூடின துணியை நீக்கிக் காட்டிய அந்தத் தாய்க்கு எந்தப் பாதிரியும் நிகரல்ல.

பாதிரி என்றவுடன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்டேரியிடம் அகப்பட்டுக் கொண்ட அந்தப் பாதிரி மகன், சின்ன வயதில் கற்றுக் கொடுத்த ஜெபத்தைச் சொல்லத் தொடங்குகிறான். பேய் ஓடிற்றா? இல்லை. அந்தப் பேயே அவனோடு சேர்ந்து அதே ஜெபத்தைத் தலைகீழ்ப் பாடமாய் ஒப்பிக்கிறது! தன் தகப்பன் நிலத்தைப் பிடுங்கிக் கொண்டவர்கள்தான் இந்த ஜெபத்தையும் தன் ஜனங்கள் தலையில் கட்டினார்கள் என்றும் சொல்லுகிறது. அது ஐரிஷ் நாட்டுக் காட்டேரி. நிலத்தை எடுத்துக் கொண்டு வேதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற வியாபாரம் ஒரு நாட்டில் மட்டுமா நடந்தது? காலையில், உடைந்த கிதார்த் துண்டோடு வந்து நிற்கிற மகனைப் பார்த்து, "அதைக் கீழே போடு, கடவுளிடம் வா" என்கிறான் தகப்பன். மகன் போடவில்லை, ஊரை விட்டுப் போய்ப் பாட்டையே பிழைப்பாக்கிக் கொள்ளுகிறான். "பாவிகள்" என்று பெயர் வைத்துவிட்டு, பாவி யார் என்ற தீர்ப்பைப் பார்க்கிறவனிடத்திலே விட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னதால் படத்தை முழுக்க நாம் ஆதரிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பெண் மந்திரித்துக் கட்டிக் கொடுத்த சிறு பை, அந்தச் சகோதரனைப் பல ஆபத்துகளிலிருந்து காப்பாற்றியது என்பதாகப் படம் காட்டுகிறது. தாயத்து வியாபாரத்துக்கு இது நல்ல விளம்பரம். ஆனால் அதே படத்தில் அவன் அவளைப் பார்த்து, "உன் மந்திரமெல்லாம் நம் குழந்தையை ஏன் காப்பாற்றவில்லை?" என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் படத்திலும் சரியான பதில் இல்லை, உலகத்திலும் இல்லை. தாயத்தை வெறுக்காமல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாரே டைரக்டர் என்பது நமது குறை. இப்படிப்பட்ட படத்தைக் குழந்தைகள் பார்த்தால், "இது கதை, இப்படியொரு வஸ்து கிடையாது" என்று பெரியவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, உற்சாகம் என்பதைப் பற்றி. கதை நடக்கிறதாகச் சொல்லுகிற அந்தக் கிளார்க்ஸ்டேல் ஊரிலே சினிமாக் கொட்டகையே கிடையாது. தங்கள் பாட்டன்மாரின் கதையை உலகமெல்லாம் பார்க்கிறது; தாங்கள் பார்க்க இடமில்லை. அவ்வூர் மக்கள் விதியே என்று இருந்துவிடவில்லை. "எங்கள் ஊருக்கு வந்து படத்தைக் காட்டுங்கள்" என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2025 மே மாதக் கடைசியில் ஊர்ப் பொது மண்டபத்திலே திரை கட்டிப் படம் காட்டப்பட்டது. டைரக்டரும் நேரில் வந்தார். அந்த டைரக்டர் கம்பெனியோடு செய்து கொண்ட ஒப்பந்தப்படி 25 வருஷத்துக்குப் பிறகு படம் அவருக்கே சொந்தமாகிவிடும். நிலமும் விளைச்சலும் சொந்தமில்லாதிருந்த சமூகத்துப் பிள்ளை, தன் உழைப்பின் பலன் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். இரண்டும் கேட்டதால் கிடைத்தவை, கும்பிட்டதால் கிடைத்தவையல்ல.

நமக்கும் அந்நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் ஜோதிபா பூலே 1873-ல் சாதிக் கொடுமையைப் பற்றி "குலாம்கிரி" என்ற புத்தகம் எழுதியபோது, கறுப்பு அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க நல்லோருக்குத்தான் அதைச் சமர்ப்பணம் செய்தார். 1946-ல் டாக்டர் அம்பேத்கர் அந்நாட்டுக் கறுப்பினத் தலைவர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். அவர்களுக்குச் சம்பந்தம் தெரிந்திருந்தது. மிசிசிப்பி வாரக்குடிக்காகக் கொட்டகையில் கண்ணீர் விட்ட நமது இளைஞருக்கும் தெரிய வேண்டும். 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கூலி நெல் கேட்ட குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அங்கே தீ வைத்தது கொள்ளிவாய்ப் பிசாசு அல்ல.

ஆகவே தோழர்களே! பேய்ப்படம் பாருங்கள், கை தட்டுங்கள், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்து ஊருக்குப் போகும்போது, உங்கள் தெருவில் யார் யாரை எந்தப் பேர் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சாமி என்பான், சாதி என்பான், சம்பிரதாயம் என்பான், முன்னோர் வழக்கம் என்பான். அத்தனையும் போர்த்தின துணி. 1871-ல் அந்த எழுத்தறியா மக்கள் செய்ததுபோல், துணிக்குள்ளே இருக்கிறவன் குரலைக் கேட்டு, "இவன் இன்னான்" என்று நாலு பேர் முன்னால் பேர் சொல்லுங்கள். அதைச் செய்ய ஊருக்கு ஒருவர் துணிந்து முன்வந்தாலும் போதும். கை தட்டினதற்கு அர்த்தம் ஏற்பட்டுவிடும்.